மேனுவல் ஃபிஷ்ஐ லென்ஸில் ஸ்கேட்போர்டு: 300 படம் எடுத்தால் 4தான் தேறுகிறது

ஓஎம்ஆர் பயணி எழுதியது:

வணக்கம். இரண்டு மாதமாக மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறேன். விஷயம் தெரிந்தவர்கள் யாராவது தெளிவு சொல்லுங்கள்.

கேமரா நிக்கான் டி5600. லென்ஸ், செகண்ட்ஹேண்டில் வாங்கிய 8 மி.மீ. ஃபிஷ்ஐ (மீன்கண் மாதிரி ஏகத்துக்கு அகலமாகப் பார்த்து, ஓரங்களை வளைத்துக் காட்டுகிற லென்ஸ்), எஃப் 3.5. முழுக்க மேனுவல். ஆட்டோஃபோகஸ் கிடையாது, சிப் கிடையாது, அப்பர்ச்சர்கூட (வெளிச்சம் நுழையும் துவாரம்; எஃப் எண் கூடினால் அது சின்னதாகும்) லென்ஸில் இருக்கும் வளையத்தைத் திருப்பித்தான் மாற்ற வேண்டும். கேமராவில் மாட்டினால் வெளிச்சம் அளக்கிற மீட்டரும் வேலை செய்வதில்லை. எல்லாவற்றையும் கையாலேயே வைக்கிற எம் மோடில் மட்டும் ஷட்டர் விழுகிறது.

அக்கா மகளுக்கு 12 வயது. டோக்கியோ ஒலிம்பிக்ஸில் ஸ்கேட்போர்டைப் பார்த்ததிலிருந்து பிடித்த பைத்தியம், இன்னும் இறங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் சென்னைப் பக்கத்துக் கோவளத்தில் இருக்கும் ஸ்கேட் பவுலுக்கு, அதாவது கிண்ணம் மாதிரி வளைந்த சிமெண்ட் குழிக்குக் கூட்டிப்போவது என் வேலை. சிறுசேரியில் குடியிருப்பதால் எனக்கும் பக்கம். சும்மா உட்கார்ந்திருப்பதற்குப் படமாவது எடுக்கலாமே என்று ஆரம்பித்தேன். ஸ்கேட்போர்டு படம் என்றாலே அந்த வளைந்த, முகத்துக்கு முன்னால் வந்து நிற்கிற மாதிரியான படங்கள்தானே? அதற்காகத்தான் இந்த லென்ஸ்.

போன வாரம் 300 படத்துக்கு மேல் எடுத்தேன். தேறியது 4. மீதியெல்லாம் பிள்ளை மங்கல். ஒரு படத்தில் பின்னால் நிற்கிற தென்னை மரத்தின் ஓலை ஒவ்வொன்றையும் எண்ணலாம். இவள் மட்டும் ஈரத்துணியால் துடைத்த மாதிரி இருக்கிறாள்.

செட்டிங்: எஃப் 3.5, ஷட்டர் 1/500 நொடி, ஐஎஸ்ஓ (சென்ஸாரின் வெளிச்ச உணர்வு) 200. நேரம் காலை ஆறரை. ஃபோகஸ் வளையம் முடிவிலிக் குறியில். "ஃபிஷ்ஐயில் எல்லாமே ஃபோகஸில்தான் இருக்கும்" என்று வீடியோக்களில் சொல்கிறார்களே, அதை நம்பித்தான். சில தடவை அவள் வரும்போது வளையத்தைத் திருப்பிப் பிடிக்கப் பார்த்தேன், இன்னும் மோசம். லென்ஸ் கோளாறா, நான் கோளாறா? இன்னும் மூன்று வாரத்தில் அவளும் அவள் கூட்டாளிகளும் சின்னதாக ஒரு போட்டி வைத்துக்கொள்கிறார்கள். அதற்குள் கொஞ்சமாவது தேற வேண்டும்.

பழைய ரோல் எழுதியது:

தம்பி, பதிலை நீங்களே எழுதிவிட்டீர்கள். அந்தத் தென்னை மரம்.

மரம் எண்ணும்படி தெளிவாக இருக்கிறதென்றால் லென்ஸ் நன்றாகத்தான் இருக்கிறது, கையும் ஆடவில்லை. ஃபோகஸ் மரத்தில் இருக்கிறது, பிள்ளையிடம் இல்லை. கூடவே ஷட்டரும் மெதுவாக இருக்கிறது. ஒரே படத்தில் இரண்டு நோய். அதனால்தான் எது என்று உங்களுக்குப் பிடிபடவில்லை.

என்னைப் பற்றி ஒரு வரி: மாமல்லபுரத்தில் முப்பது வருடம் கல்யாண ஸ்டூடியோ நடத்தி இப்போது சும்மா இருக்கிறவன். ஃபிலிம் காலத்தில் நிக்கான் எஃப்எம்2 கேமராவில் ரஷ்யாக்காரனின் ஸெனிடார் 16 மி.மீ. ஃபிஷ்ஐ மாட்டி ஊர்வலம், பந்தி என்று எடுத்துத் திரிந்தவன். ரோலுக்கு 36 படம். அதில் நாலு தேறினால் அந்த மாதம் ஸ்டூடியோ வாடகைக்குக் கடன்தான். அதனால் தேறும் வழியைக் கண்டுபிடித்தே ஆக வேண்டியிருந்தது.

முதலில் அந்த "எல்லாமே ஃபோகஸில்" கதை. பாதிதான் உண்மை. உங்கள் 8 மி.மீ. லென்ஸை எஃப் 3.5இல் முடிவிலியில் வைத்தால், சுமார் 90 செ.மீ.க்கு அப்பால் இருப்பதெல்லாம் தெளிவு. நல்லது. ஆனால் ஃபிஷ்ஐயில் ஆள் பெரிதாகத் தெரிய வேண்டுமென்றால் எவ்வளவு பக்கத்தில் நிற்க வேண்டும்? அரை மீட்டர், அதற்கும் குறைவு. அதாவது பிள்ளை படத்தில் பெரிதாக வரும் ஒவ்வொரு தடவையும் தெளிவான பகுதிக்கு இந்தப் பக்கம் வந்துவிடுகிறாள். தேறிய நாலு படத்தையும் எடுத்துப் பாருங்கள். அவள் தூரத்தில் சின்னதாக இருப்பாள். சரிதானே?

வளையத்தைத் திருப்பி ஆளைத் துரத்துவது வேண்டாம். அது நீளமான லென்ஸுக்கான வித்தை. இங்கே வளையத்தை ஒரே இடத்தில் பூட்டிவிட்டு, உங்கள் காலை நகர்த்துங்கள்.

எங்கே பூட்டுவது? எஃப் 5.6இல் சுமார் 60 செ.மீ. தூரத்துக்கு வையுங்கள். அப்போது ஏறக்குறைய 30 செ.மீ.யிலிருந்து அடிவானம் வரை தெளிவு கிடைக்கும். இந்தத் தூரமெல்லாம் சென்ஸாரிலிருந்து கணக்கு, லென்ஸின் முன்கண்ணாடியிலிருந்து இல்லை. கேமராவின் மேல்பக்கம் ஒரு சின்ன வட்டத்தை ஒரு கோடு வெட்டுகிற மாதிரி குறி இருக்கும், அங்கிருந்துதான் டேப் பிடிக்க வேண்டும். லென்ஸின் உடம்பும் கேமராவின் கழுத்துமாகச் சேர்ந்து 12 செ.மீ. சாப்பிட்டுவிடும். மிச்சத்தை நான் கையாலேயே அளந்துகொள்வேன்: கண்ணாடியிலிருந்து ஒரு முழத்தில் ஃபோகஸ் வைத்தால், ஒரு சாணுக்கும் உள்ளிருந்து வானம் வரை நம்முடையது.

ஆனால் வளையத்தில் 0.6 என்று அச்சடித்திருக்கும் எண்ணில் கொண்டுபோய் வைத்துவிடாதீர்கள். மலிவான மேனுவல் லென்ஸ்கள் பலவற்றில் அந்த எண்கள் அலங்காரத்துக்குத்தான். என் கையில் வந்துபோன ஒன்றில் முடிவிலிக் குறியைத் தாண்டியும் வளையம் ஜம்மென்று சுற்றியது. உண்மையான முடிவிலி 1 மீட்டர் குறியின் பக்கத்தில் ஒளிந்திருந்தது. உங்களுடையது எப்படி என்று வீட்டிலேயே பார்த்துவிடுங்கள்.

சுவரில் தினசரி காலண்டர் மாட்டியிருப்பீர்கள். கேமராவை மேசையில் வைத்து, அந்த வட்டக் குறியிலிருந்து காலண்டர் தாள்வரை சரியாக 60 செ.மீ. டேப் பிடித்து அளந்துகொள்ளுங்கள். அப்பர்ச்சர் எஃப் 3.5. லைவ் வ்யூ (பின்திரையில் பார்ப்பது) போட்டு, பெரிதாக்கும் பொத்தானை அமுக்கி அமுக்கி, ராகுகாலம் எமகண்டம் என்று பொடி எழுத்தில் இருக்கிறதே, அந்த இடத்துக்குப் போங்கள். வளையத்தை மெதுவாகத் திருப்பி எழுத்து கூர்மையாகி, மறுபடி மங்கும்வரை போய், திரும்பி வாருங்கள். இரண்டு பக்கமிருந்தும் நாலைந்து தடவை வந்து பார்த்தால் நடு இடம் கைக்குத் தெரிந்துவிடும். அங்கே எழுத்தழிக்கும் வெள்ளை மையால் ஒரு புள்ளி. இதே மாதிரி 40 செ.மீ.க்கு ஒன்று, தூரத்துத் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்து முடிவிலிக்கு ஒன்று. மை காய்ந்ததும் 60 புள்ளியில் வைத்து, எலக்ட்ரீசியன் கறுப்பு டேப்பை வளையத்தின் மேல் ஒரு சுற்று. முடிந்தது. இனிமேல் கோவளத்தில் உங்களுக்கு ஃபோகஸ் என்று ஒரு வேலையே கிடையாது.

வெளிச்சத்துக்கு வருவோம். மீட்டர் இல்லை என்று வருத்தப்பட வேண்டாம், ஃபிஷ்ஐக்கு மீட்டர் இல்லாததே புண்ணியம். 180 டிகிரி பார்க்கிற கண்ணாடி. கொஞ்சம் மேலே தூக்கினால் படத்தில் பாதி வானம், சூரியன் வேறு உள்ளே வந்து உட்காரும். மீட்டர் பயந்துபோய்ப் பிள்ளையைக் கரியாக்கிவிடும். நல்ல வெயிலில் எஃப் 16, ஷட்டர் வேகம் ஐஎஸ்ஓ எண்ணுக்குச் சமம் என்று பழைய பாடம் ஒன்று உண்டு. அதையே நகர்த்தினால் எஃப் 8, ஐஎஸ்ஓ 400, 1/1600. எட்டு மணி வெயிலுக்கு அங்கிருந்து ஆரம்பிக்கலாம். ஆறரைக்கு உங்கள் கணக்கிலிருந்தே வருகிறேன்: எஃப் 5.6, 1/1600 என்று மாற்றினால் மூன்று ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் பாதி) குறையும், அதை ஈடுகட்ட ஐஎஸ்ஓ 1600. உங்கள் கேமரா தாங்கும். கொஞ்சம் மணல் மாதிரி தெரியும், தெரியட்டும். ஐஎஸ்ஓ 200இல் பளபளவென்று மங்கலாக இருப்பதைவிட இது மேல். ஒரு படம் எடுத்து ஹிஸ்டோகிராம் (வெளிச்சம் எப்படி விழுந்திருக்கிறது என்று காட்டும் வரைபடம்) பாருங்கள், திருத்துங்கள், அப்புறம் அரை மணிக்கு ஒரு தடவை தொட்டால் போதும்.

இன்னொன்று. வ்யூஃபைண்டரில் கண் வைத்துக்கொண்டு பவுல் விளிம்பில் குனிய வேண்டாம். ஃபிஷ்ஐயில் நாலடி தள்ளி இருப்பதாகத் தெரியும் பலகை நிஜத்தில் உங்கள் மூக்கு நுனியில் இருக்கும். கேமராவைக் கையில் கீழே பிடித்து, கண்ணை ஆளின் மேல் வையுங்கள். இவ்வளவு அகலத்தில் குறி தவறுவதுதான் கஷ்டம். வாரைக் கையில் இரண்டு சுற்று சுற்றிக்கொள்ளுங்கள், தொங்கவிட்டால் அதுவும் படத்தில் வரும். உங்கள் செருப்பும் வரும்.

புதுசா_வாங்கு எழுதியது:

இவ்வளவு சர்க்கஸ் எதற்கு? நிக்கானின் சொந்த 10.5 மி.மீ. ஃபிஷ்ஐ, இல்லாவிட்டால் டோகினா 10-17 ஒன்று செகண்ட்ஹேண்டில் பாருங்கள். ஆட்டோஃபோகஸ் வந்துவிடும், பிரச்சினை முடிந்தது.

கணக்கு வாத்தியார் எழுதியது:

முடியாது நண்பரே. நிக்கான் 10.5, நிக்கானுக்கான டோகினா 10-17 இரண்டிலுமே ஃபோகஸ் மோட்டார் லென்ஸுக்குள் இல்லை, கேமராவில் இருக்கும் மோட்டார்தான் திருப்ப வேண்டும். டி5600இல் அந்த மோட்டாரே கிடையாது. காசைக் கொட்டி வாங்கினாலும் கையால்தான் திருப்ப வேண்டியிருக்கும். மோட்டாரோடு வருகிற 8-15 மி.மீ. நிக்கானில் உண்டு, 2017இல் வந்தது. அதன் விலைக்கு இவர் இன்னொரு கேமராவே வாங்கலாம்.

பழைய ரோல் ஐயா ஃபோகஸைச் சொல்லிவிட்டார். ஷட்டர் பக்கம் எனக்கு ஒரு கணக்கு இருக்கிறது, வாத்தியார் புத்தி, பொறுத்துக்கொள்ளுங்கள்.

பவுலில் ஒன்றேகால் மீட்டர் இறக்கம் என்று வைத்துக்கொள்வோம். உராய்வை விட்டுவிட்டால் அடியில் வேகம் நொடிக்கு 5 மீட்டர் பக்கம் வரும். 1/500 நொடியில் பலகை நகர்வது 10 மி.மீ. 60 செ.மீ. தள்ளி 8 மி.மீ. லென்ஸில் பார்த்தால் அது சென்ஸாரில் 0.13 மி.மீ. டி5600இல் ஒரு பிக்ஸல் சுமார் 0.004 மி.மீ. ஆக, 30 பிக்ஸலுக்கு மேல் இழுவை. ஈரத்துணி கதை இதுதான். 1/2000 என்றால் 8 பிக்ஸல், திரையில் முழுப்படமாகப் பார்க்கும்போது கண்ணுக்கு உறுத்தாது.

"வைட் லென்ஸுக்கு மெதுவான ஷட்டர் போதும்" என்ற விதி கை ஆட்டத்துக்குத்தான் பொருந்தும். பக்கத்தில் பாய்கிற ஆளுக்குப் பொருந்தாது. பக்கத்தில் போகப் போக அந்த இழுவை பெரிதாகிக்கொண்டே போகும்.

இன்னொரு வழியும் இருக்கிறது, இலவசம். மேலே எறிந்த பந்து உச்சியில் ஒரு கணம் நிற்கிறது, இல்லையா? பவுல் விளிம்பில் ஏறித் திரும்புகிற பிள்ளையும் அப்படித்தான். அடியில் 5 மீட்டர் வேகம், விளிம்பில் கிட்டத்தட்ட பூஜ்யம். அங்கே எடுத்தால் 1/500கூட மன்னிக்கும். நேரே உங்களை நோக்கி வரும்போதும் இழுவை குறைவு, குறுக்கே போகும்போதுதான் அதிகம்.

மிரர்லெஸ் (உள்ளே கண்ணாடி இல்லாத கேமரா) வைத்திருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால்: சத்தமில்லாத எலக்ட்ரானிக் ஷட்டரை அணைத்துவிடுங்கள். சென்ஸாரை வரிவரியாகப் படிப்பதற்குள் பலகை நகர்ந்துவிடும், நேரான பலகை வாழைப்பழம் மாதிரி வளைந்து வரும். ஃபிஷ்ஐ வளைவா இது வளைவா என்று பிரிக்கவே முடியாது. அப்புறம், சிப் இல்லாத லென்ஸ் என்றால் "லென்ஸ் இல்லாமலும் ஷட்டர் விழலாம்" என்ற மெனுவை ஆன் செய்தால்தான் படமே விழும். என் மாணவன் ஒருவன் இது தெரியாமல் லென்ஸைத் திருப்பிக் கொடுக்கக் கடைவரை போய்விட்டான்.

உப்புக்காற்று எழுதியது:

நான் ஸ்கேட் இல்லை, அலை. கோவளத்திலும் மாமல்லபுரத்திலும் சர்ஃப் பண்ணுகிறவர்களைத் தண்ணீருக்குள் நின்று எடுக்கிறேன். எங்களுக்கும் இதே டேப் வைத்தியம்தான், ஆட்டோஃபோகஸ் இருக்கிற லென்ஸிலும் அணைத்துவிட்டு ஒட்டிவிடுவோம். தண்ணீர் புகாத உறையில் லென்ஸுக்கு முன்னால் இருக்கும் கண்ணாடிக் குமிழில் தண்ணீர்த் துளி உட்கார்ந்தால் ஃபோகஸ் துளியைப் பிடித்துக்கொண்டு ஆளை விட்டுவிடும். அலை உங்களுக்காக இன்னொரு தடவை வராது.

துளிக்கு மருந்து எச்சில். சிரிக்காதீர்கள். குமிழை நாக்கால் நக்கிவிட்டு ஒரு முங்கு போட்டு எழுந்தால் தண்ணீர் துளித்துளியாக நிற்காமல் தகடு மாதிரி வழிந்து இறங்கும். அந்த இரண்டு நொடிக்குள் படம் எடுத்துவிட வேண்டும். முதல்நாள் செய்யும்போது கரையில் வலை உலர்த்திக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர், "ஏம்மா, பசிக்குதா?" என்று கேட்டார்.

தண்ணீருக்கு அடியில் போனால் கணக்கு மாறும். வளைந்த குமிழே ஒரு லென்ஸ் மாதிரி வேலை செய்து, தூரத்தில் இருப்பதையும் குமிழுக்கு முன்னால், அதன் ஆரத்தைப் போல் ஏறத்தாழ மூன்று மடங்கு தூரத்திலேயே பிம்பமாகக் கொண்டுவந்து நிறுத்திவிடும். 10 செ.மீ. ஆரம் என்றால் கடல் முழுக்க 30 செ.மீ.க்குள் சுருண்டுவிடும். முடிவிலியில் ஒட்டிவிட்டுப் போனால் மொத்தமும் போச்சு. நான் 40 புள்ளியில் வைத்து எஃப் 8இல் எடுக்கிறேன், தண்ணீருக்கு மேலும் கீழும் இரண்டுக்கும் போதும்.

ஃபிஷ்ஐ என்ற பேரே தண்ணீரிலிருந்து வந்ததுதானே. 1906இல் ராபர்ட் வுட் என்ற அமெரிக்க இயற்பியல்காரர், தண்ணீருக்கு அடியிலிருந்து மேலே பார்க்கிற மீனுக்கு உலகம் எப்படித் தெரியும் என்று பார்க்க, வாளித் தண்ணீருக்குள் கேமராவை அமைத்துப் படம் எடுத்தார். பேரும் அவர் வைத்ததே. அப்புறம் பல காலம் மேகம் படம் பிடிக்கிற விஞ்ஞானிகள் கையில்தான் இந்த லென்ஸ் இருந்தது.

உங்களுக்கு என் பங்கு ஒன்றுதான்: கோவளத்துக் காற்றில் உப்பும் மணலும் உண்டு. ஃபோகஸ் வளைய இடுக்கில் மணல் போனால் நறநற என்று சத்தம் வரும், அப்புறம் அந்த லென்ஸ் அவ்வளவுதான். டேப் சுற்றுகிறீர்களே, அது இதற்கும் சேர்த்துக் காவல். முன்கண்ணாடி வெளியே துருத்திக்கொண்டிருக்கும், ஃபில்டர் மாட்ட முடியாது. மூடியை எடுப்பதற்கு முன்னால் யாருடைய பலகை எங்கே போகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஓஎம்ஆர் பயணி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. ஞாயிறு முடிந்து இப்போதுதான் உட்கார்ந்தேன்.

காலண்டர் சோதனை செய்தேன் அண்ணா. (பழைய ரோல் அவர்களை அண்ணா என்றே கூப்பிடுகிறேன், ஐயா என்றால் தூரமாகிவிடுகிறது.) நீங்கள் சொன்னதே என் லென்ஸிலும். 60 செ.மீ.க்கு உண்மையான இடம் 0.4 குறியைக்கூடத் தாண்டி உள்ளே இருக்கிறது. முடிவிலி, 1 மீட்டர் குறிக்கும் முடிவிலிக் குறிக்கும் நடுவில். அதாவது இவ்வளவு நாள் நான் வைத்திருந்த இடம் முடிவிலியையும் தாண்டிய இடம். அந்தத் தென்னை மரமே அதிர்ஷ்டத்தில்தான் தெளிவாக விழுந்திருக்கிறது. 1/500, எஃப் 3.5இல் நாலு தேறியதே பெரிய விஷயம் என்று இப்போது தோன்றுகிறது.

வெள்ளை மை, கறுப்பு டேப், எஃப் 5.6, 1/1600, ஐஎஸ்ஓ 1600. ஆறே முக்காலுக்கு முதல் படம். பவுல் விளிம்பில் குப்புறப் படுத்து, கையை மட்டும் வெளியே நீட்டி, கண்ணைக் கேமராவில் வைக்காமல் எடுத்தேன். முதல் பத்துப் படத்தில் என் விரல். அப்புறம் பழகிவிட்டது.

110 படத்தில் 31 தேறியிருக்கின்றன. ஃபோகஸில் ஒன்றுகூடத் தப்பவில்லை, ஒன்றே ஒன்றில் பலகை கண்ணாடிக்கு அரைச் சாணில் வந்து மங்கிவிட்டது. அதைக் கோளாறு என்று சொல்ல மாட்டேன், நான் கையை இழுத்துக்கொண்டேனே அதைச் சொல்லுங்கள்.

ஆனால் இப்போது வேறு பிரச்சினை. தெளிவாக விழுகிறது, நேரம் தப்புகிறது. தொடர்ச்சியாக ஷட்டரை அமுக்கிப் பிடித்தால் நொடிக்கு 5 படம் வருகிறது. ஒன்றில் பலகை இன்னும் தரையில், அடுத்ததில் இறங்கிவிட்டாள். நடுவில் இருப்பதுதான் எனக்கு வேண்டும், அது எப்போதும் இரண்டு படத்துக்கு நடுவில் மாட்டிக்கொள்கிறது.

இன்னொன்று, தேறிய படங்களை வண்டியில் வரும்போதே அவளிடம் காட்டினேன். ஒவ்வொன்றாகத் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். "மாமா, கால் ஏன் யானைக்கால் மாதிரி இருக்கு? தலை எலுமிச்சம்பழம் சைஸ்ல இருக்கு." அக்காவும் அதையே சொல்கிறாள்.

பழைய ரோல் எழுதியது:

110க்கு 31! கல்யாணத்தில்கூட எனக்கு இப்படி விழுந்ததில்லை தம்பி.

நேரத்துக்கு வாத்தியார் கணக்கையே திருப்பிப் பாருங்கள். நொடிக்கு 5 மீட்டர் ஓடுகிறாள், நொடிக்கு 5 படம் எடுக்கிறீர்கள். இரண்டு படத்துக்கு நடுவில் ஒரு மீட்டர் போய்விடுகிறாள். ஒரு முழத்தில் எடுக்கிற லென்ஸுக்கு ஒரு மீட்டர் என்பது ஒரு ஊர். அமுக்கிப் பிடிப்பதை விடுங்கள். ஒரு தடவைக்கு ஒரு படம்.

எப்போது அமுக்குவது என்பதற்குக் காதை நம்புங்கள். சிமெண்டில் சக்கரம் ஓடும்போது கரகரவென்று ஒரு சத்தம் வந்துகொண்டே இருக்கும், கவனித்திருப்பீர்கள். பலகை தரையை விடும்போது வால் பக்கம் "டக்" என்று தட்டும், உடனே கரகரப்பு நின்றுவிடும். அந்த நிசப்தத்தின் நடுவில் அமுக்க வேண்டும். "டக்" கேட்டதும் அமுக்கினால் கொஞ்சம் சீக்கிரம். சக்கரம் மறுபடி விழும் சத்தம் கேட்டால் முடிந்துபோச்சு. கேமரா இல்லாமல் கண்ணை மூடிக்கொண்டு ஒரு பத்து நிமிடம் விளிம்பில் உட்கார்ந்து கேளுங்கள், விரல் தானாகப் பழகும். நாதஸ்வரத்துக்குப் பக்கத்தில் நின்று தாலி கட்டும் படம் எடுத்தவனுக்கு இது தெரியும். கெட்டிமேளம் கேட்ட பிறகு கேமராவைத் தூக்குகிறவனுக்குக் கூட்டத்தின் முதுகுதான் கிடைக்கும்.

லைவ் வ்யூவில் எடுக்காதீர்கள், உங்கள் கேமராவில் அது அமுக்கியதற்கும் விழுவதற்கும் நடுவில் தூங்கிவிடும்.

யானைக்காலுக்கு வருகிறேன். கண்ணாடிக்கு எது பக்கமோ அது பெரிசு, அவ்வளவுதான். நீங்கள் விளிம்பில் படுத்து எடுக்கிறீர்கள், பலகையும் காலும் முதலில் வருகின்றன, முகம் மூன்று மடங்கு தூரத்தில். ஆண்பிள்ளைகள் படத்தில் இதையே வேண்டுமென்று செய்வார்கள், பலகை ஆகாயக் கப்பல் மாதிரி வரும். உங்கள் மருமகளுக்குப் பிடிக்கவில்லையென்றால் கேமராவை ஒன்றரை அடி தூக்கி, அவள் முட்டி உயரத்துக்குக் கொண்டுபோங்கள். முகமும் பலகையும் கண்ணாடியிலிருந்து கிட்டத்தட்ட ஒரே தூரமாகிவிடும். முகத்தைப் படத்தின் நடுப்பக்கம் வைத்துக்கொள்ளுங்கள், ஓரத்துக்குப் போனால் இழுபடும். அடிவானக் கோடு நடுவில் ஓடினால் நேராக இருக்கும். மேலே வைத்தால் குடை, கீழே வைத்தால் கிண்ணம். பவுலுக்குக் கிண்ணம் பொருத்தம்தான், அது உங்கள் இஷ்டம்.

கம்ப்யூட்டரில் வளைவை நீக்குகிற மென்பொருள் உண்டு. செய்யாதீர்கள். ஓரமெல்லாம் சவ்வு மிட்டாய் மாதிரி இழுத்துவிடும். வளைவு வேண்டாம் என்றால் இந்த லென்ஸே வேண்டாம்.

ஓஎம்ஆர் பயணி எழுதியது:

முட்டி உயரம், சரி அண்ணா. கண்ணை மூடிக்கொண்டு விளிம்பில் உட்காருவதுதான் கொஞ்சம் சங்கடம், ஏற்கெனவே அங்கே இருக்கிற பசங்க என்னை "படுத்துக்கிற அங்கிள்" என்று கூப்பிடுகிறார்கள்.

ஒரு கடைசி சந்தேகம். போட்டி சாயங்காலம் ஐந்தரைக்கு ஆரம்பித்து இருட்டும்வரை போகுமாம். 1/1600க்கு வெளிச்சம் இருக்காது. ஃபிளாஷ் ஒன்று இருக்கிறது, கேமராவின் மேலேயே மாட்டினால் போதுமா?

பழைய ரோல் எழுதியது:

மேலே மாட்டினால் நடுவில் மட்டும் வெள்ளை வட்டம் விழும், லென்ஸின் நிழல் கீழே கறுப்பாகப் படியும். 180 டிகிரிக்கு வெளிச்சம் கொடுக்கிற ஃபிளாஷ் கிடையாது. அதைக் கழற்றி, தூரத்திலிருந்து மின்னவைக்கும் டிரிக்கர் போட்டு, பவுலின் மறுபக்கம் ஒரு ஸ்டாண்டில் வையுங்கள், படத்துக்குள் தெரிந்தாலும் பரவாயில்லை. பவர் 1/16. முழுப் பவரில் ஃபிளாஷ் நின்று எரியும், 1/16இல் ஏறத்தாழ 1/10000 நொடிதான் மின்னும், பலகை உறைந்துவிடும். ஷட்டர் 1/200, உங்கள் கேமராவில் ஃபிளாஷோடு அதற்கு மேல் போனால் படத்தில் கறுப்புப் பட்டை. சுற்றியிருக்கும் வெளிச்சம் அதிகமாக இருந்தால் ஆளுக்குப் பின்னால் பேய் மாதிரி இன்னொரு ஆள் இழுபடும், அதனால் இருட்ட ஆரம்பித்த பிறகே ஃபிளாஷ். அதற்கு முன்னால் ஐஎஸ்ஓவை ஏற்றிச் சமாளியுங்கள்.

பசங்களிடம் முன்னாலேயே சொல்லி, ஒரு தடவை சும்மா மின்னவிட்டுக் காட்டிவிடுங்கள். விளிம்பில் ஏறுகிற நேரத்தில் திடீரென்று கண்ணில் அடித்தால் விழுந்துவிடுவார்கள். ஸ்டாண்டின் காலில் ஒரு தண்ணீர் கேனைக் கட்டுங்கள், அங்கே சாயங்காலக் காற்று ஆளையே தள்ளும்.